பெரிய ஹர்டில் பந்தயம் வென்ற குதிரையை அடுத்த ஓட்டத்துக்கு எப்படிப் படிப்பது?

2022 மார்ச் 18, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் செல்டன்ஹாம் மைதானத்தில் கவுண்டி ஹர்டில் என்ற தடை தாண்டும் குதிரைப் பந்தயம். முடிவுத்தாளின் முதல் வரி சொன்னது இதுதான்: ஸ்டேட் மேன், ரேட்டிங் (குதிரையின் திறமைக்குக் கொடுக்கும் எண்) 141, இரண்டாவதாக வந்த ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்டை ஒன்றேகால் லெங்த்தில் முந்தியது, ஜாக்கி பால் டவுனெண்ட், டிரெய்னர் வில்லி மல்லின்ஸ். இந்த ஒரு வரியை வைத்து, அந்தக் குதிரை அடுத்து என்ன செய்யும் என்று யோசிக்க முடியுமா? முடியும். ஆனால் எந்தச் சொல்லைப் பிடிப்பது, எதை விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் முதலிடம் என்பதைப் பிடித்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு சீசன் முழுக்க, பெரிய ஹேண்டிகேப் (திறமைக்கேற்ப எடை ஏற்றும்) ஹர்டில் வென்ற குதிரைகளை மட்டுமே அடுத்த ஓட்டத்தில் நம்பினேன். நாலாவது, ஐந்தாவது, சில நேரம் கண்ணிலேயே படாத தூரத்தில் என்று வந்தன. குதிரைகள் மேல் தப்பில்லை. வென்ற பிறகு அவை சுமக்க வேண்டிய எடை ஏறியிருந்ததை நான் பார்க்கவே இல்லை.

கிண்டியில் பந்தயம் பார்த்துப் பழகியவர்களுக்கு ரேட்டிங், ஹேண்டிகேப் எல்லாம் புதிதல்ல. அங்கே ஓடியதெல்லாம் சமதளப் பந்தயம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குளிர்காலம் முழுக்க நடக்கும் தடை தாண்டும் பந்தயத்தில் அதே கணக்கு வேறு மாதிரி விளையாடும். (ஃபார்ம், அதாவது குதிரையின் பழைய ஓட்டப் பதிவுகளைப் படிப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களுக்கு: சென்னையிலிருந்து போன வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது என்று சொன்னது. நம்முடைய திறமையையும் சேர்த்துச் சொன்னதா என்பது வேறு விஷயம்.)

எடைக் கணக்கு

ஹர்டில் என்பது சுமார் மூன்றரை அடி உயரத் தடை. குதிரையின் கால் பட்டால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். சேஸ் பந்தயங்களில் இருக்கும் பெரிய வேலிகள் அவ்வளவு மன்னிக்காது. ஹர்டிலில் ஹேண்டிகேப் என்றால், திறமையான குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை. எல்லாரும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பதுதான் எடை போடுகிறவரின் கனவு. அவரை ஹேண்டிகேப்பர் என்பார்கள்.

ரேட்டிங்கில் ஒரு புள்ளி என்றால் ஒரு பவுண்டு எடை, அதாவது சுமார் 450 கிராம். 160 ரேட்டிங் உள்ள குதிரையும் 141 ரேட்டிங் உள்ள குதிரையும் ஒரே ஹேண்டிகேப்பில் ஓடினால், முதல் குதிரை 19 பவுண்டு கூடுதலாகச் சுமக்கும். எட்டரைக் கிலோவுக்கு மேல். ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தோடு ஈயத் தகடு சேர்த்து அனுப்புவார்கள்.

இப்போது லெங்த். ஒரு குதிரையின் உடல் நீளம்தான் ஒரு லெங்த். ஏறத்தாழ எட்டு அடி. இரண்டு மைல் தூர ஹர்டிலில் ஒரு பவுண்டு எடை ஒரு லெங்த்துக்குச் சமம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். தூரம் கூடக் கூட ஒரு லெங்த்தின் மதிப்பு குறையும். மூன்று மைல் ஓடி மூச்சு வாங்கும்போது ஒரு லெங்த் பெரிய விஷயமில்லை.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? பெரிய ஹேண்டிகேப்பில் வென்ற குதிரையை அடுத்து சில நேரம் சம எடைப் பந்தயத்துக்கு அனுப்புவார்கள். செல்டன்ஹாமின் சாம்பியன் ஹர்டிலில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாக் குதிரைக்கும் 11 ஸ்டோன் 10 பவுண்டு. ஒரு ஸ்டோன் 14 பவுண்டு, ஆக மொத்தம் 164 பவுண்டு. பெண் குதிரைக்கு 7 பவுண்டு சலுகை. நேற்று 19 பவுண்டு சலுகையோடு ஓடிய குதிரைக்கு அங்கே எதுவும் கிடையாது. 141-ல் ஒரு ஹேண்டிகேப் வென்றதாலேயே ஒரு குதிரை 160 குதிரைக்குச் சமமாகிவிடாது. நடுவில் கிட்டத்தட்ட 19 லெங்த் தூரத்தை அது எங்கிருந்தாவது கண்டுபிடித்தாக வேண்டும்.

ஆகவே முதல் படி, யார் வென்றது என்பதை ஓரமாக வைத்துவிட்டு, எந்த எண்ணில் வென்றது என்று எழுதிக்கொள்வது.

ஃபார்ம் வரியில் உள்ள எழுத்துகள்

குதிரையின் பெயருக்கு முன்னால் எண்களும் எழுத்துகளும் வரிசையாக இருக்கும். வலது ஓரத்தில் இருப்பதுதான் கடைசி ஓட்டம். 1 முதல் 9 வரை இடங்கள், 0 என்றால் பத்தாவது அல்லது அதற்கும் பின்னால். சிறு கோடு வந்தால் அதற்கு முந்தையது போன சீசன். சாய்ந்த கோடு வந்தால் அதைவிட நீண்ட இடைவெளி.

எழுத்துகளில் எஃப் என்றால் விழுந்தது, யூ என்றால் ஜாக்கி மட்டும் விழுந்தார், ஆர் என்றால் தாண்ட மறுத்தது. அப்புறம் இரண்டு ‘பி’ இருக்கின்றன. தமிழில் எழுதும்போது குழப்பம்தான். ஆங்கில எழுத்து வரிசையில் இரண்டாவதாக வரும் பி என்றால், வேறு குதிரை விழுந்து இதையும் இடறி வீழ்த்தியது, அதாவது இந்தக் குதிரையின் குற்றமில்லை. ஓ-வுக்கு அடுத்து வரும் பி என்றால், ஜாக்கியே நடுவில் நிறுத்திவிட்டார். முன்னதை மன்னித்துவிடலாம், பின்னதுக்குக் காரணம் தேட வேண்டும். பெரிய ஹேண்டிகேப் ஹர்டிலில் இருபதுக்கும் மேற்பட்ட குதிரைகள் நெருக்கியடித்து ஓடுவதால் இந்த வித்தியாசம் அடிக்கடி கைகொடுக்கும்.

பெயருக்குப் பக்கத்தில் வரும் சி, டி எழுத்துகள் அந்த மைதானத்திலும் அந்தத் தூரத்திலும் முன்பு வென்றதைச் சொல்கின்றன. பயனுள்ளவைதான், ஆனால் புதியவர்கள் இவற்றுக்கு அளவுக்கு மீறி மதிப்புக் கொடுக்கிறார்கள். பத்துக் குதிரை ஓடிய சின்னப் பந்தயத்தில் கிடைத்த ‘சி’யும் மார்ச்சில் நடக்கும் செல்டன்ஹாம் பந்தயத் திருவிழாவில் கிடைத்த ‘சி’யும் தாளில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

வென்ற பிறகு எண் எங்கே போகிறது

பிரிட்டனில் வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை புதிய ரேட்டிங் பட்டியல் வரும். உதாரணத்துக்கு 130-ல் ஓடிய குதிரை மூன்று லெங்த்தில் வென்றதாக வைத்துக்கொள்ளுங்கள். வெறும் கணக்குப்படி மூன்று பவுண்டு ஏற்றினால் போதும். ஆனால் சுலபமாக வென்றது, இளம் குதிரை, பின்னால் வந்தவை நல்ல குதிரைகள் என்று பார்த்து ஹேண்டிகேப்பர் எட்டுகூட ஏற்றலாம். அடுத்த ஹேண்டிகேப்பில் அது 138-ல் ஓடும். இப்போது நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அன்று ஓடியதைவிட எட்டு பவுண்டு கூடுதலாக இந்தக் குதிரையிடம் இருக்கிறதா?

சில நேரம் ஒரு சின்ன இடுக்கு கிடைக்கும். குதிரையை அடுத்த பந்தயத்துக்கு முன்பே பதிந்து வைத்திருப்பார்கள். எடைகள் அறிவிக்கப்பட்டபின் அது வேறு பந்தயம் வென்றால், பழைய ரேட்டிங்கோடு ஒரு நிலையான தண்டனை எடை மட்டும் சேரும். புதிய ரேட்டிங்படி அது இன்னும் அதிகம் சுமந்திருக்க வேண்டும் என்றால், அந்த வித்தியாசம் குதிரைக்கு லாபம். பந்தயக்காரர்கள் இதைத்தான் ஓயாமல் தேடுவார்கள். எல்லாரும் தேடுவதால், உங்கள் கண்ணில் படும்போது விலையும் (பணம் கட்டி வென்றால் கிடைக்கும் விகிதம்) அதற்கேற்ப இறங்கியிருக்கும்.

இரண்டாவதாக வந்த குதிரையின் நிலைமைதான் எனக்குப் பாவமாக இருக்கும். பரிசின் பெரும்பகுதி வென்றவனுக்குப் போய்விடும், இதற்கு ரேட்டிங் மட்டும் ஏறும். அதனால் நூலிழையில் தோற்றது, அடுத்த முறை வெல்லும் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அடுத்த முறை அது ஓடப்போவது வேறு எடையில்.

அயர்லாந்துக் குதிரைகளைப் பார்க்கும்போது இன்னொரு சங்கதி. அங்கே ஒரு ரேட்டிங், பிரிட்டனில் ஓட வந்தால் பிரிட்டிஷ் ஹேண்டிகேப்பர் கொடுக்கும் இன்னொரு ரேட்டிங். பல நேரம் இது அதைவிட அதிகமாக இருக்கும். இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

ஒன்றேகால் லெங்த் என்றால் உண்மையில் எவ்வளவு?

வெற்றி வித்தியாசத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜாக்கி கடைசி நூறு கஜம் கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தால் ஒரு லெங்த் வெற்றி பல லெங்த்துக்குச் சமம். சாட்டை பறக்கப் பறக்க வென்றிருந்தால் ஒரு லெங்த் என்பது ஒரு லெங்த்தான். இதற்குக் காணொளியைத் திரும்பப் பார்ப்பதைவிட நல்ல வழி கிடையாது. முதல் முறை எல்லாரும் வென்ற குதிரையைத்தான் பார்ப்போம். இரண்டாம் முறை அதைத் தவிர மற்றதைப் பாருங்கள்.

வேகத்தையும் கவனியுங்கள். தொடக்கத்திலேயே நாலைந்து குதிரைகள் போட்டி போட்டு ஓடியிருந்தால், கடைசியில் அவை களைத்துவிழும். பின்னால் காத்திருந்த குதிரை சும்மா வந்தாலே பறப்பது போலத் தெரியும். நிதானமாக ஓடிய பந்தயத்தில் முன்னால் நின்ற குதிரைக்கு லாபம், பின்னாலிருந்து கடைசியில் நெருங்கி வந்த குதிரைதான் உண்மையில் பெரிய வேலை செய்தது. எந்தப் பக்கம் லாபம் இருந்தது என்று தெரிந்துகொண்டு, அதற்கு எதிராக ஓடி நன்றாக வந்த குதிரையைக் குறித்து வையுங்கள்.

நேரத்தைப் பார்க்க கவுண்டி ஹர்டில் நாளில் ஓர் அருமையான வசதி உண்டு. அதே வெள்ளிக்கிழமை, செல்டன்ஹாமின் இரண்டு தடங்களில் அதே புதிய தடத்தில், கிட்டத்தட்ட அதே இரண்டு மைலும் ஒரு ஃபர்லாங்கும் கொண்ட தூரத்தில் நாலு வயதுக் குதிரைகளுக்கான ட்ரையம்ப் ஹர்டிலும் நடக்கும். அது முதல்நிலை, அதாவது மிக உயர்ந்த தரப் பந்தயம். இரண்டின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு நொடி என்றால் தோராயமாக நாலைந்து லெங்த். ஆனால் இரண்டில் ஒன்று ஊர்ந்து ஓடியிருந்தால் மொத்த நேரம் ஏமாற்றும். கடைசி இரண்டு தடைகளிலிருந்து கோடு வரைக்குமான நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் நம்பலாம்.

2022-ல் அந்த ட்ரையம்பை வென்றது வாபான். அதுவும் மல்லின்ஸ் குதிரைதான். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அயர்லாந்தின் லெபர்ட்ஸ்டவுனில் ஐரிஷ் சாம்பியன் ஹர்டிலில் வாபானும் ஸ்டேட் மேனும் நேருக்கு நேர் சந்தித்தன. ஸ்டேட் மேன் முதலிடம், ஹனிசக்கிள் இரண்டாமிடம், வாபான் மூன்றாமிடம். ஒரே நாளில் நடந்த இரண்டு பந்தயங்களை ஒப்பிட்டு வைத்திருந்தவர்களுக்கு அந்தப் போட்டி கூடுதல் சுவை.

மைதானமும் மண்ணும்

செல்டன்ஹாம் ஏற்ற இறக்கம் நிறைந்தது, முடிவுக்கோடு மேட்டில். அங்கேயே இரண்டு தடங்கள்: திருவிழாவின் முதல் இரண்டு நாள் பழைய தடம், கடைசி இரண்டு நாள் புதிய தடம். புதிய தடத்தில் கடைசிப் பகுதியில் தடைகள் குறைவு. தாண்டும் திறமையைவிட மூச்சுத் திறன் அதிகம் தேவைப்படும். சாம்பியன் ஹர்டில் பழைய தடத்தில். ஆக ஒரே மைதானம் என்று தாளில் போட்டிருந்தாலும் கேள்வித்தாள் ஒன்றல்ல.

பிப்ரவரியில் பெரிய ஹேண்டிகேப் ஹர்டில் நடக்கும் நியூபரி, அகலமான, சமதளமான இடது சுற்று. நீண்ட எட்டு வைத்து ஓடும் குதிரைகளுக்குச் சொர்க்கம். சாண்டவுன் வலது சுற்று, கடைசியில் மேடு. அயர்லாந்தின் கால்வே வலது சுற்று, முடிவில் இன்னும் கடுமையான மேடு. எய்ன்ட்ரீயின் ஹர்டில் தடம் தட்டையானது, திருப்பங்கள் குறுகியவை. செல்டன்ஹாம் மேட்டில் கடைசியாக வந்து பிடித்த குதிரை மூன்று வாரம் கழித்து எய்ன்ட்ரீயில் அதே மாதிரி வர நினைத்தால், வருவதற்குள் பந்தயம் முடிந்திருக்கும்.

மண்ணின் ஈரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: சேறு, இளக்கம், நல்ல தரை, கெட்டித் தரை. எதில் வென்றது, அடுத்து எதில் ஓடுகிறது. இவ்வளவுதான், ஆனால் பந்தயத்தன்று காலையில் ஒரு முறை திரும்பப் பார்க்காமல் விடாதீர்கள். பிரிட்டிஷ் மழை யாரிடமும் சொல்லிக்கொண்டு வராது.

ஒரே பந்தயம், ஒரே டிரெய்னர், ஐந்து பாதைகள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். வில்லி மல்லின்ஸ் கவுண்டி ஹர்டிலைப் பல முறை வென்றிருக்கிறார். அவருடைய வெற்றியாளர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பெரிய ஹேண்டிகேப் வெற்றிக்கு ஒரே அர்த்தம் கிடையாது என்பது எந்த விளக்கமும் இல்லாமல் புரியும்.

2010-ல் தவுசண்ட் ஸ்டார்ஸ், கேட்டி வால்ஷ் ஓட்டினார். இரண்டு மைல் வேகக்காரன் என்றுதான் அன்றைக்குத் தோன்றியிருக்கும். பிறகு 2011-லும் 2012-லும் பாரிஸின் ஓட்டேய் மைதானத்தில் பிரான்சின் சாம்பியன் ஹர்டிலை வென்றது. அங்கே தூரம் 5,100 மீட்டர். கவுண்டி ஹர்டில் சுமார் 3,400 மீட்டர்தான். அந்த வெற்றிக்குள் ஒளிந்திருந்தது வேகம் அல்ல, தாக்குப்பிடிக்கும் சக்தி.

2015-ல் விக்லோ பிரேவ். அடுத்த ஆண்டு தடையே இல்லாத சமதளத்தில் ஐரிஷ் செயிண்ட் லெஜரை வென்றது, அதுவும் சமதளப் பந்தயத்தின் பெரிய ஜாக்கி ஃபிராங்கி டெட்டோரி சவாரியில். 2017-ல் திரும்ப ஹர்டிலுக்கு வந்து அயர்லாந்தின் பஞ்ச்ஸ்டவுன் சாம்பியன் ஹர்டிலையும் எடுத்துக்கொண்டது.

2017-ல் ஆர்க்டிக் ஃபயர். இது தலைகீழ்க் கதை. 2015 சாம்பியன் ஹர்டிலில் ஃபாஹீனுக்கு அடுத்து இரண்டாவதாக வந்த குதிரை, நீண்ட ஓய்வுக்குப் பிறகு ஹேண்டிகேப்புக்கு இறங்கி, 11 ஸ்டோன் 12 பவுண்டு என்ற உச்ச எடையைச் சுமந்தே வென்றது. இதைப் பார்த்துவிட்டு, அடுத்து பெரிய பந்தயத்துக்கு ஏறும் இளம் குதிரை என்று நினைத்தால் தப்பு. இது மேலே இருந்து வந்தது.

2020-ல் சான் ருவா. 2022-ல் ஸ்டேட் மேன். இந்த இரண்டையும் ஒப்பிடுவதுதான் உண்மையான பாடம். இரண்டுமே பிரான்சிலிருந்து வந்தவை, இரண்டுமே அதற்கு முன் மிகக் குறைவாக ஓடியவை, இரண்டுமே பேவரிட், அதாவது வெல்லும் என்று அதிகம் பணம் கட்டப்பட்டவை. வென்ற நாளில் இரண்டின் ஃபார்ம் வரியையும் கொடுத்து எது சாம்பியன் ஆகும் என்று கேட்டிருந்தால் நான் தடுமாறியிருப்பேன். சான் ருவா பெரிய ஹர்டில் பந்தயங்களில் மரியாதையாக ஓடியது, முதல்நிலை வெற்றி மட்டும் ஹர்டிலில் கிடைக்கவில்லை. 2022 டிசம்பரில் லெபர்ட்ஸ்டவுனில் சேஸ் பந்தயத்தில்தான் கிடைத்தது. ஸ்டேட் மேன் கவுண்டி வென்ற அடுத்த மாதமே பஞ்ச்ஸ்டவுனில் முதல்நிலைப் பந்தயம் வென்றது, 2023 சாம்பியன் ஹர்டிலில் கான்ஸ்டிட்யூஷன் ஹில்லுக்கு ஒன்பது லெங்த் பின்னால் இரண்டாவது, 2024-ல் சாம்பியன்.

இங்கிருந்து ஒரு நடைமுறை விதி எடுக்கலாம். குறைவாக ஓடிய இளம் குதிரை வென்றால் முடிவை எழுதாதீர்கள், கேள்வியை எழுதுங்கள். அடுத்த ஒரே ஓட்டம், அதுவும் சம எடையில், பெரும்பாலும் பதில் சொல்லிவிடும். அந்த ஓட்டத்தைப் பணம் கட்டாமல் வேடிக்கை பார்ப்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

விதி என்று சொன்ன கையோடு அதை உடைக்கும் குதிரையையும் சொல்லிவிடுகிறேன். ரூஸ்டர் பூஸ்டர் என்ற சாம்பல் நிறக் குதிரை 2002-ல் கவுண்டி வென்றபோது அதற்கு எட்டு வயது. இனி இதனிடம் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்று நினைக்கும் வயது. அதே நவம்பரில் செல்டன்ஹாமில் கிரேட்வுட் ஹர்டில், டிசம்பரில் இன்னொரு வெற்றி, 2003 மார்ச்சில் சாம்பியன் ஹர்டிலில் பதினொரு லெங்த் வித்தியாசம். வயதை மட்டும் பார்த்துப் படித்தவர்கள் நாலு முறை வரிசையாகத் தப்பாகப் படித்திருப்பார்கள். அந்தக் குதிரையில் பார்க்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு முறையும் எண் ஏறிய பிறகும் அது வென்றுகொண்டே இருந்தது என்பதைத்தான். ஏறிய எண்ணை ஒரு முறை வென்றால் நல்ல குதிரை. இரண்டாம் முறையும் வென்றால், ஹேண்டிகேப்பரே துரத்திப் பிடிக்க முடியாமல் ஓடுகிறது என்று அர்த்தம்.

பழைய காலத்திலும் இப்படி உண்டு. 1968-ல் பெர்ஷியன் வார் 11 ஸ்டோன் 13 பவுண்டு சுமந்து நியூபரியின் பெரிய ஹேண்டிகேப் ஹர்டிலை வென்றது. அந்த ஆண்டிலிருந்து தொடர்ந்து மூன்று சாம்பியன் ஹர்டில். 1997-ல் மேக் எ ஸ்டாண்ட் அதே நியூபரி பந்தயத்தை பிப்ரவரியில் வென்று, மார்ச்சில் சாம்பியன் ஹர்டிலை முன்னாலிருந்தே ஓடி ஐந்து லெங்த்தில் எடுத்தது. இப்படிப்பட்ட பெயர்கள் மனதில் ஒட்டிக்கொள்வதால்தான் ஒவ்வொரு ஹேண்டிகேப் வெற்றியாளரையும் சாம்பியனாகப் பார்க்கத் தோன்றுகிறது. ஒட்டாத பெயர்கள் பல மடங்கு அதிகம்.

பின்னால் வந்தவர்களைத் தேடுங்கள்

என் அனுபவத்தில் பெரிய ஹேண்டிகேப்பின் முடிவுத்தாளில் அதிகம் பயன் தருவது இரண்டாவது வரியிலிருந்து ஆறாவது வரி வரைக்கும்தான். வென்ற குதிரையை ஊரே பார்த்துவிட்டது.

2021 மார்ச்சில் செல்டன்ஹாமின் மார்ட்டின் பைப் ஹேண்டிகேப் ஹர்டிலில் லாங்கர் டான் இரண்டாவதாக வந்தது. ஆறு நாள் முன்புதான் சாண்டவுனில் இம்பீரியல் கோப்பையை வென்று, களைப்போடு வந்திருந்தது. அதைத் தோற்கடித்தது யார்? கலோபின் டி ஷாம்ப், ரேட்டிங் 142. அந்தக் குதிரை பிறகு 2023, 2024 இரண்டு ஆண்டும் செல்டன்ஹாம் தங்கக் கோப்பையை வென்றது. அன்றைக்கு இது யாருக்கும் தெரியாது. ஆனால் காலம் போகப் போக அந்தப் பழைய இரண்டாமிடத்தின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. தங்கக் கோப்பைக் குதிரையிடம் தோற்றது தோல்வியே இல்லை.

2022-ல் லாங்கர் டான் செல்டன்ஹாமிலேயே கோரல் கோப்பை ஹேண்டிகேப்பில் ஓடியபோது ஆரம்பத்திலேயே வேறு குதிரையால் வீழ்த்தப்பட்டது. மேலே சொன்ன, மன்னிக்கக்கூடிய அந்த ‘பி’. தாளை மேலோட்டமாகப் பார்த்தவர்களுக்கு அது ஒரு தோல்வி. 2023-ல் அதே கோரல் கோப்பையை வென்றது, 2024-ல் மறுபடியும் வென்றது. பழைய ஃபார்மை ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்ப எடுத்துப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான். எழுதிய நாளில் இருந்த மதிப்பு அப்படியே நிற்பதில்லை. ஒரு பந்தயத்தில் ஓடிய மற்றவை அடுத்தடுத்து வெல்ல ஆரம்பித்தால், அந்தப் பந்தயமே வலுவானது. எல்லாம் தோற்றுக்கொண்டே இருந்தால், வென்றவனின் பெருமையையும் சேர்த்துக் குறைத்துவிடுங்கள்.

பொறுமைக்கு இன்னொரு பெயர் சைர் டு பெர்லே. 2019-லும் 2020-லும் செல்டன்ஹாமில் மூன்று மைல் பெர்டெம்ப்ஸ் இறுதி ஹேண்டிகேப்பை வென்றது. பிறகு பதினொரு வயதில், 2023-ல், அங்கேயே நீண்ட தூரக் குதிரைகளுக்கான ஸ்டேயர்ஸ் ஹர்டிலை 33-க்கு 1 என்ற விலையில் வென்றது. மூன்று மைலும் செல்டன்ஹாமும் அதற்குப் பிடிக்கும் என்பது நாலு வருடமாகத் தாளிலேயே இருந்தது.

ஒரே ஒரு மோசமான ஓட்டத்தை வைத்தும் குதிரையைத் தூக்கி எறியாதீர்கள். சைசிங் யூரோப் 2007-ல் கிரேட்வுட், அடுத்த ஜனவரியில் ஐரிஷ் சாம்பியன் ஹர்டில் என்று வென்று, 2008 சாம்பியன் ஹர்டிலுக்கு பேவரிட்டாக வந்து, வெகு தூரம் பின்தங்கி முடித்தது. பிறகு சேஸுக்கு மாறி 2010-ல் ஆர்க்கிள், 2011-ல் குயின் மதர் சாம்பியன் சேஸ் என்று செல்டன்ஹாமின் பெரிய சேஸ் பந்தயங்களை வென்றது.

நோட்டில் என்ன எழுதுவது

நான் ஒரு பழைய கணக்கு நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு பந்தயத்துக்கு ஒரு பக்கம். மேலே நாள், மைதானம், தடம், மண், தூரம். அடியில் முதல் ஆறு குதிரைகள். ஒவ்வொன்றுக்கும் ஓடிய ரேட்டிங், பக்கத்தில் காலி இடம் விட்டு, செவ்வாய்க்கிழமை வரும் புதிய ரேட்டிங். அதற்குப் பிறகு காணொளி பார்த்து ஒரு வாக்கியம் மட்டும்: இடம் கிடைக்காமல் தவித்தது, இரண்டாவது தடையில் தடுமாறியது, முன்னாலேயே சும்மா ஓடியது, இப்படி. ஜாக்கி இளையவராக இருந்து 3, 5 அல்லது 7 பவுண்டு சலுகை வாங்கியிருந்தால் அதையும் எழுத வேண்டும். அடுத்த முறை பெரிய ஜாக்கி ஏறும்போது அந்தச் சலுகை போய்விடும். தலையில் மறைப்புப் பட்டை, நாக்குக் கட்டு முதல் முறையாகப் போட்டிருந்தால் அதுவும். முதல் முறை வேலை செய்த மறைப்பு மூன்றாவது முறை வேலை செய்யும் என்று நிச்சயமில்லை.

குதிரை மறுபடி ஓட வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து மூன்று விஷயம் மட்டும் பாருங்கள்: எண் எவ்வளவு ஏறியிருக்கிறது, பந்தயம் ஹேண்டிகேப்பா சம எடையா, அன்று கிடைத்த தரை, தூரம், வேகம் இன்றும் கிடைக்குமா. கடைசி ஓட்டத்திலிருந்து எத்தனை நாள் என்பதையும் ஒரு பார்வை. கடுமையாகப் போராடி வென்று பத்து நாளில் திரும்ப வந்தால் எனக்கு நம்பிக்கை குறையும், லாங்கர் டான் மாதிரி விதிவிலக்குகள் இருந்தாலும். பிறகுதான் விலையைப் பார்க்க வேண்டும். முதலில் விலையைப் பார்த்தால் மீதி எல்லாவற்றையும் அதற்கு ஏற்ற மாதிரிதான் படிப்போம்.

ஸ்டேட் மேனின் பக்கத்தில் நான் எழுதியிருக்கும் ஒரு வரி 2025 சாம்பியன் ஹர்டில் பற்றியது. ஃபார்மில் வெறும் ‘எஃப்’ என்று இருக்கும். வென்ற குதிரை கோல்டன் ஏஸ், விலை 25-க்கு 1. கடைசித் தடை வரைக்கும் ஸ்டேட் மேன்தான் தெளிவாக முன்னால் இருந்தது, அந்தத் தடையில்தான் விழுந்தது. அந்த ‘எஃப்’புக்குப் பக்கத்தில் ‘கடைசித் தடை, முன்னணியில்’ என்று பென்சிலில் சேர்த்து வைத்திருக்கிறேன்.